மாற்றுத்திறனாளிகளும் வழிபடும் ஆலயம்: சபைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போதகர்கள், சபைக் கமிட்டியினர், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் என்று பலரிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சாய்தளத்தின் அளவும் இதில் உண்டு, சுகமளிக்கும் ஜெபத்தைப் பற்றிய கேள்வியும் உண்டு. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் எதைச் செய்வதானாலும், யாருக்காகச் செய்கிறீர்களோ அவரிடம் முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கீழே உள்ள எல்லாப் பதில்களுக்கும் இது பொருந்தும்.

எங்கள் சபையில் மாற்றுத்திறனாளிகள் யாருமே இல்லையே. யாருக்காக இதெல்லாம் செய்வது?

அவர்கள் இல்லாததற்குக் காரணமே உங்கள் வாசல்படியாக இருக்கலாம். உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. நூறு குடும்பங்கள் உள்ள சபையில் ஒருவர்கூட இல்லையென்றால், அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். சபைப் பதிவேட்டை எடுத்து, முன்பு தவறாமல் வந்து இப்போது வராதவர்களின் பெயர்களைப் பாருங்கள். முழங்கால் வலியால் படியேற முடியாத பாட்டி இருப்பார். பக்கவாதத்துக்குப் பிறகு நின்றுபோன பழைய பாடகர் இருப்பார். பிள்ளை கத்துகிறான் என்று யாரோ முகம் சுளித்ததால் ஒதுங்கிக்கொண்ட குடும்பம் இருக்கும்.

வருகிறவர்களுக்குள்ளும் வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் உண்டு. பாதிப் பிரசங்கம் காதில் விழாமலே தலையாட்டிக்கொண்டிருப்பவர், வலிப்புக்கு மாத்திரை எடுப்பதை யாரிடமும் சொல்லாதவர், கூட்டத்தில் நெஞ்சு படபடப்பதால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆசீர்வாதத்துக்கு முன்பே கிளம்பிவிடுபவர். இவர்களுக்காகத் தொடங்கினாலே நிறைய வேலை இருக்கிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

கேட்டிலிருந்து. சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர், பார்வை இல்லாதவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோர் ஒருவர் என்று சிலரை அழைத்து, கேட்டிலிருந்து திருவிருந்து மேசை வரைக்கும், பிறகு கழிப்பறை வரைக்கும் சேர்ந்து போய்ப் பாருங்கள். இதை ஞாயிற்றுக்கிழமையே செய்ய வேண்டும். வார நாளில் சாய்தளம் காலியாக இருக்கும். ஞாயிறன்று அதன் அடியில் நான்கு பைக்குகள் நிற்கும். வார நாளில் நடுவழி அகலமாக இருக்கும். ஞாயிறன்று கூடுதல் நாற்காலிகளைப் போட்டு அடைத்திருப்பார்கள்.

நடக்க முடிந்த ஒருவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிப் பார்ப்பதால் ஓரளவுக்குமேல் எதுவும் தெரியாது. அவருக்கு எழுந்துகொள்ள முடியும் என்பது அவர் மனதுக்குத் தெரியும். உங்கள் சபையில் யாரும் இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருவரை அழைத்து, அவர் நேரத்துக்கு உரிய தொகையைக் கொடுங்கள். பார்த்ததை எழுதும்போது, இந்த வாரமே முடியக்கூடியது, இந்த வருடத்துக்குள் முடியக்கூடியது, கட்டட நிதி தேவைப்படுவது என்று பிரித்து எழுதினால் கமிட்டியில் பேச வசதியாக இருக்கும். அந்தக் கமிட்டியிலேயே மாற்றுத்திறனாளி ஒருவருக்கு வாக்குரிமையோடு இடம் கொடுங்கள். "நாங்கள் இல்லாமல் எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்" என்று மாற்றுத்திறனாளிகள் இயக்கம் உலகெங்கும் சொல்லிவருவது சபைக் கமிட்டிக்கும் சேர்த்துத்தான்.

சாய்தளம் கட்டிவிட்டோம். ஆனால் யாரும் பயன்படுத்துவதில்லையே?

அநேகமாக அது செங்குத்தாக இருக்கும். பல நாடுகளின் கட்டட விதிகள் ஏற்றுக்கொண்ட அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம் வேண்டும். உங்கள் வாசலில் 15 செ.மீ. உயரமுள்ள படிகள் மூன்று இருந்தால் மொத்த உயரம் 45 செ.மீ. அதற்குச் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். இடமில்லை என்று இரண்டு மீட்டரில் கட்டி முடித்துவிட்டால், ஏறும்போது நாற்காலி பின்பக்கம் சாயும். தனியாக வருபவர் ஏறவே முடியாது. பின்னால் தள்ளுபவர் முதியவராக இருந்தால் இருவரும் விழுவார்கள். நீளத்துக்கு இடமில்லையென்றால் நடுவில் திருப்பம் வைத்துக் கட்டலாம்.

அகலம் குறைந்தது 90 செ.மீ., முடிந்தால் 120. இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், தரையிலிருந்து 85 முதல் 95 செ.மீ. உயரத்தில். ஓரத்தில் சக்கரம் நழுவாதபடி சிறிய தடுப்பு வேண்டும். மேலே, கதவுக்கு முன்னால், ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சமதளம் கட்டாயம் விடுங்கள். அது இல்லாமல் கதவு வெளிப்பக்கம் திறந்தால், சரிவில் நிற்பவர் கதவை இழுத்துக்கொண்டே பின்னால் உருள்வார். பளபளக்கும் டைல்ஸ் பதிக்க வேண்டாம். மழை பெய்த காலையில் ஊன்றுகோலோடு அதில் கால் வைப்பதை நினைத்துப் பாருங்கள். சொரசொரப்பான சிமெண்டுத் தளமே போதும்.

சக்கர நாற்காலியில் வருபவரை எங்கே உட்காரவைப்பது?

அவர் விரும்பும் இடத்தில். பல ஆலயங்களில் அவருக்கு இரண்டே இடம்தான். ஒன்று, எல்லாருக்கும் பின்னால் கதவோரம். இன்னொன்று, எல்லாருக்கும் முன்னால், சபை முழுவதும் அவரைப் பார்க்கும்படி. நடுவழியில் நிறுத்தினால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் இடித்துக்கொண்டு போவார்கள். நல்ல வழி, வெவ்வேறு வரிசைகளில் இரண்டு மூன்று பெஞ்சுகளின் ஓரத்தைச் சுமார் 90 செ.மீ. வெட்டிக் குறைப்பது. அந்த இடைவெளியில் நாற்காலி நிற்கும். பக்கத்திலேயே மனைவியோ நண்பரோ அதே பெஞ்சில் உட்காரலாம். ஒரு தச்சர் ஒரே நாளில் முடித்துவிடுவார். வெட்டக் கூடாத பழைய பெஞ்சு என்றால் ஒரு பெஞ்சை எடுத்துவிட்டு நாற்காலிகள் போடுங்கள்.

ஆராதனை நடத்துபவர் "எல்லாரும் எழுந்து நிற்போம்" என்பதற்குப் பதிலாக "நிற்க முடிந்தவர்கள் நிற்கலாம், மற்றவர்கள் அமர்ந்தபடியே பாடலாம்" என்று சொல்லட்டும். முழங்கால்படியிடும் இடத்திலும் அப்படியே. எல்லாரும் நிற்கையில் பாடல் வரிகள் மறைந்துவிடும் என்பதால், சக்கர நாற்காலி இருக்கும் வரிசைகளிலிருந்து திரை தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கழிப்பறைக்கு என்ன அளவு?

உள்ளே நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம், 80 செ.மீ.க்குக் குறையாத கதவு (90 இருந்தால் நிம்மதி), வெளிப்பக்கம் திறக்கும் அல்லது நகரும் கதவு, சுவரில் உறுதியான பிடிகம்பிகள், 45 செ.மீ.க்குக் குறையாத உயரத்தில் இருக்கை. இதையெல்லாம் சரியாகக் கட்டிய ஆலயங்களிலும் ஒரு தொல்லை உண்டு. அறை பெரிதாக இருக்கிறதே என்று மடக்கு நாற்காலிகளையும், கிறிஸ்மஸ் நட்சத்திரப் பெட்டிகளையும், உடைந்த ஸ்பீக்கரையும் அதற்குள் அடுக்கிப் பூட்டிவிடுகிறார்கள். சாவி யாரிடம் என்று தேடும் அந்தப் பத்து நிமிடம் தேவையில் இருப்பவருக்குப் பெரிய அவமானம். பூட்டவே கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் போடுங்கள்.

எங்களுடையது நூறு வருடப் பழைய கட்டடம். எதையும் இடிக்க முடியாது.

இடிக்க வேண்டாம். மடித்து வைக்கக்கூடிய உலோகச் சாய்தளங்கள் கிடைக்கின்றன. ஆராதனைக்கு முன் போட்டு, பின் எடுத்துவிடலாம். யாராவது வந்து கேட்டபிறகு தேடி எடுக்காமல், ஒவ்வொரு ஞாயிறும் மணியடிப்பதைப் போலத் தவறாமல் போட்டுவிடுங்கள். பக்கவாசல்தான் சமதளமாக இருக்கிறது என்றால், அந்த வாசலைச் சபை முழுவதும் பயன்படுத்தலாமே. போதகரும் அங்கேயே நின்று கைகுலுக்கட்டும். நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவதை மட்டும் வழக்கமாக்க வேண்டாம். அன்பாகச் செய்வதுதான், ஆனாலும் ஆபத்து. வளர்ந்த மனிதர் ஒருவருக்கு வாராவாரம் அப்படித் தூக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

சின்ன சபை. பணமே இல்லை. என்ன செய்வது?

செலவில்லாதவற்றைச் செய்யுங்கள், அதுவே நீளமான பட்டியல். மைக்கைத் தவறாமல் பயன்படுத்துவது, பைக்குகளைத் தள்ளி நிறுத்துவது, நடுவழியைத் திறந்துவைப்பது, பாடல்களை முதல் நாளே போனில் அனுப்புவது, ஒரு மூலையைச் சத்தம் குறைந்த இடமாக ஒதுக்குவது, வாசலில் நிற்பவர்களுக்குப் பழகும் முறையைச் சொல்லிக்கொடுப்பது. பெரிய செலவுகளுக்கு வருடாந்திர வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒரு தலைப்பு இருக்கட்டும், தொகை சிறியதானாலும். ஒவ்வொரு முறையும் தனியாகக் காணிக்கை எடுத்தால், யாருக்காக எடுக்கிறார்கள் என்று சபை முழுவதும் திரும்பி அவரைப் பார்க்கும்.

பார்வை இல்லாதவர்களுக்குப் பிரெய்ல் வேதாகமம் வாங்கி வைத்தால் போதுமா?

அவர்களுக்குப் பிரெய்ல் தெரியுமா என்று கேட்டீர்களா? முதிய வயதில் பார்வை இழந்தவர்களில் பலருக்குத் தெரியாது. பிரெய்லில் முழு வேதாகமம் பல பெரிய தொகுதிகளாக வரும். ஒரு அலமாரியே வேண்டும். இன்று பலரும் போனிலுள்ள திரைவாசிப்பான் (திரையிலுள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் செயலி) வழியாகத்தான் படிக்கிறார்கள்.

இங்கேதான் தமிழ்ச் சபைகள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆராதனை முறைமையையும் பாடல்களையும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கோப்புக்குள் வெறும் ஆங்கில எழுத்துகளாக இருக்கும். திரைவாசிப்பான் அதை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். அறிவிப்பைப் படமாக அனுப்பினாலும் பிரச்சினைதான். யூனிகோடில் (தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் முறையில்) தட்டச்சு செய்து, எழுத்தாகவே அனுப்புங்கள். சனிக்கிழமையே அனுப்பினால், ஞாயிறன்று அவர் எல்லாரோடும் சேர்ந்து பாடலின் மூன்றாம் சரணத்தையும் பாடுவார்.

பார்வை மங்கலானவர்களுக்கு 18 புள்ளிக்குக் குறையாத எழுத்தில் சில பிரதிகள் அச்சிட்டு வாசலில் வையுங்கள். திரையில் வரிகளுக்குப் பின்னால் அருவியும் மேகமும் ஓட வேண்டியதில்லை. அடர்த்தியான ஒரே நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து தெளிவாகத் தெரியும். பிரசங்கியார் "இந்தப் படத்தைப் பாருங்கள்" என்று நிறுத்திவிடாமல் படத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரு வரியில் சொல்லட்டும். வழிகாட்டி நாய் வந்தால் உள்ளே விடுங்கள். அது வேலையில் இருக்கிறது, தடவிக்கொடுக்க வேண்டாம்.

காது கேளாதவர்களுக்கு?

இதில் இரண்டு தரப்பினர் இருக்கிறார்கள். தேவைகள் வேறு வேறு.

முதலாவது, காது மங்கியவர்கள். பெரும்பாலும் முதியவர்கள். "எனக்குக் குரல் பெரிது, மைக் வேண்டாம்" என்று சொல்லும் மூப்பர்தான் இவர்களுக்குப் பெரிய தடை. காது மெஷின் போட்டவருக்குச் சத்தம் கூடினால் போதாது. மின்விசிறி இரைச்சல், எதிரொலி, குழந்தைகளின் சத்தம் எல்லாமே சேர்ந்து கூடிவிடும். இதற்கென்று வளையக் கம்பி முறை ஒன்று உண்டு. தரையைச் சுற்றி ஒரு கம்பியைப் பதித்து ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தால், மைக்கில் பேசுவது காந்தப்புலம் வழியாக நேரே காது மெஷினுக்குப் போகும். மெஷினில் அதற்கான சுருள் இருக்க வேண்டும், அதை 'டி' என்ற நிலைக்கு மாற்ற வேண்டும். எல்லா மெஷின்களிலும் அது இருக்காது என்பதால், செலவு செய்வதற்குமுன் உங்கள் சபையாரிடம் இருப்பவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சைகை மொழியில் வாழ்பவர்கள். சைகை மொழிக்குச் சொந்த இலக்கணம் உண்டு. உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி கிடையாது. மொழிபெயர்ப்பாளர் போதகருக்குப் பக்கத்தில், முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்க வேண்டும். விளக்கை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றும் ஆராதனையிலும் அவர்மேல் ஒரு விளக்கு எரியட்டும். தொடர்ந்து மொழிபெயர்ப்பது களைப்பான வேலை. ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள இருவர் இருந்தால் நல்லது. வேதபாடங்களையும் பாடல்களையும் முன்கூட்டியே அவர்களிடம் கொடுங்கள், சம்பளமும் கொடுங்கள். காது கேளாத பெற்றோரின் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளையும் ஆராதனைக்குத்தான் வந்திருக்கிறது. சபையில் நாலு பேராவது சைகை மொழி கற்றுக்கொண்டால், ஆராதனை முடிந்து வெளியே நின்று பேசும்போதும் அவர் தனித்து நிற்க மாட்டார். மொழிபெயர்ப்பாளரைவிட இதைத்தான் பலர் ஏங்கிக் கேட்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ள ஒரு பையன் பிரசங்க நேரத்தில் கத்துகிறான். மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது.

அவன் கத்தும்போது நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். முன்வரிசையில் ஒரு தலை திரும்பும். பிறகு நான்கு தலைகள். அம்மா அவன் வாயைப் பொத்துவார். அவன் இன்னும் திமிறுவான். அம்மா பையை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி அவனை இழுத்துக்கொண்டு வெளியே போவார். வெளியே மரத்தடியில் மீதி ஆராதனை முடியும். இரண்டு மூன்று ஞாயிறு இப்படிப் போனால் அந்தக் குடும்பம் வருவதை நிறுத்திவிடும். ஆகவே முதல் வேலை சபையாருடையது: திரும்பிப் பார்க்காமல் இருப்பது. பிரசங்கியார் நிறுத்திவிட்டு முறைக்காமல் தொடர்ந்து பேசினாலே பாதிப் பதற்றம் குறையும்.

அடுத்து, அவன் ஏன் கத்துகிறான் என்று பெற்றோரிடம் கேளுங்கள். அநேகமாகக் காரணம் இருக்கும். டிரம்ஸ் திடீரென்று தொடங்குவது, மைக் கீச்சிடுவது, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதது. காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்றிரண்டு வாசலில் இருக்கட்டும். ஆராதனையின் பகுதிகளைப் படங்களாக ஓர் அட்டையில் வரிசைப்படுத்தி, பாட்டு, ஜெபம், பிரசங்கம், காணிக்கை என்று முடிய முடியத் தள்ளிவிடும்படி கொடுத்தால் பல பிள்ளைகள் அமைதியாவார்கள். கதவுக்கு அருகே அவர்களுக்கு இடம், எழுந்து நடக்க அனுமதி, பிரசங்கம் கேட்கும்படி சிறிய ஸ்பீக்கர் வைத்த அமைதியான அறை. அந்த அறைக்குப் போவதும் திரும்பி வருவதும் அவர்கள் விருப்பம். அங்கேயே இருங்கள் என்று அனுப்பிவிடக் கூடாது. சமாதானம் சொல்லும் நேரத்தில் கட்டிப்பிடிப்பதையோ கன்னத்தைத் தட்டுவதையோ அவன் விரும்பவில்லையென்றால் கையசைத்தால் போதும். நொடிக்கு மூன்று முறைக்குமேல் மின்னும் விளக்குகள் சிலருக்கு வலிப்பையே வரவழைக்கும். அவை ஆராதனைக்குத் தேவையே இல்லை.

அப்படியும் சில நாள் கத்துவான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சத்தம் இருக்கும், சபையும் அதைத் தாங்கட்டும்.

அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குத் திருவிருந்து கொடுக்கலாமா? அவருக்குப் புரியுமா?

எங்களில் யாருக்கு முழுவதும் புரிந்திருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையில், அமெரிக்க ஆயர்கள் 1995-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. நற்கருணையை, அதாவது திருவிருந்தை, சாதாரண உணவிலிருந்து பிரித்தறிந்தால் போதும், அந்த அறிதலை அவர் வாயால் சொல்லாமல் நடத்தையாலோ சைகையாலோ பயபக்தியான மௌனத்தாலோ காட்டினாலும் அது ஏற்கத்தக்கதே. உங்கள் திருச்சபையின் ஒழுங்கு வேறாக இருக்கலாம், ஆயரிடம் கேளுங்கள். ஆனால் கேள்வி பதிலை மனப்பாடமாக ஒப்பிக்க முடியவில்லை என்பதற்காக ஒருவரை முப்பது வயது வரை மேசைக்கு வெளியே நிறுத்துவது நியாயமில்லை. ஆயத்த வகுப்பைப் படங்களாலும், பாட்டாலும், அப்பத்தையும் பாத்திரத்தையும் தொட்டுப் பார்க்கவைத்தும் நடத்தலாம்.

இன்னொன்று: அவர் வளர்ந்த மனிதர். ஞாயிறு பள்ளியில் ஐந்து வயதுக் குழந்தைகளோடு உட்காரவைக்காமல் வாலிபர் கூட்டத்துக்கு அழையுங்கள்.

திருவிருந்து பரிமாறுவதில் கவனிக்க வேண்டியது என்ன?

கை நடுங்குபவருக்குச் சின்னஞ்சிறு கோப்பை பெரிய சோதனை. உறிஞ்சுகுழல் வைத்துக்கொள்ளலாம். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு மிகச்சிறு துண்டு போதும். கோதுமையிலுள்ள குளுட்டன் ஒத்துக்கொள்ளாதவர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். முன்னால் வர விரும்புகிறவருக்கு வழி விடுங்கள். வர முடியாதவருக்கு இருக்கும் இடத்துக்கே கொண்டுபோங்கள். பார்வை இல்லாதவரிடம் பெயர் சொல்லி அழைத்து, கையில் கொடுக்கவா என்று மெதுவாகக் கேளுங்கள். முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகள், நாற்காலியோடு இறக்குவதா, ஊற்றிக் கொடுப்பதா என்பதை அவரோடு முன்கூட்டியே பேசி, ஒருமுறை ஒத்திகையும் பார்த்துக்கொள்ளட்டும்.

மாற்றுத்திறனாளி ஒருவர் வந்தால், சுகத்துக்காகக் கைவைத்து ஜெபிக்கக் கூடாதா?

அவர் கேட்டால் ஜெபியுங்கள். கேட்காமல் ஜெபிக்க வேண்டாம்.

எரிகோவில் வழியோரம் உட்கார்ந்திருந்த பர்திமேயு பார்வை இல்லாதவன் என்பது ஊருக்கே தெரியும். அப்படியிருந்தும் இயேசு அவனிடம், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்டார் (மாற்கு 10:51). தெரிந்ததையும் கேட்டார். காது கேளாதவனைக் குணமாக்கியபோது கூட்டத்திலிருந்து தனியே அழைத்துக்கொண்டு போனார் (மாற்கு 7:33). இந்த மரியாதையை நம் சபைகளில் பலரும் அனுபவித்ததே இல்லை. சக்கர நாற்காலியில் புதிதாக ஒரு சபைக்குப் போனாலே, பெயரைக் கேட்பதற்கு முன் தலையில் நாலு கை விழுகிறது என்று பலர் சொல்கிறார்கள். அவர் அன்று வேலைக்காகவோ, மகளின் தேர்வுக்காகவோ, செத்துப்போன அப்பாவின் நினைவாகவோ ஜெபிக்க வந்திருப்பார். அவருடைய கால்கள் அவர் மனதிலேயே இருந்திருக்காது.

ஜெபித்தும் குணமாகவில்லை என்றால், "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்ற பேச்சு வருகிறது. இதைவிடக் கொடிய பேச்சு சபையில் குறைவு. பவுல் 'மாம்சத்திலே ஒரு முள்' என்று தான் சொன்ன உபாதை நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்" (2 கொரிந்தியர் 12:9). பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. யார் செய்த பாவம் என்ற கேள்விக்கும் யோவான் 9:3-இல் பதில் இருக்கிறது: "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." குறைபாட்டோடு பிறந்த குழந்தையின் தாயிடம் பரம்பரைச் சாபம் என்று பேசுகிறவர்களிடம் போதகரே இந்த வசனத்தை எடுத்துச் சொல்ல வேண்டும், பிரசங்க பீடத்திலிருந்தே.

ஆராதனை நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்தால்?

நேரத்தைக் கவனியுங்கள். சுற்றியுள்ள நாற்காலிகளை நகர்த்துங்கள். தலைக்கடியில் மென்மையான துணி எதையாவது வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். வாயில் எதையும் வைக்கக் கூடாது, கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தாலோ, உடனே அடுத்தது வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள். தெளியும்வரை ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும், கூட்டம் வேண்டாம்.

பிசாசை விரட்டுகிறேன் என்று யாரும் எழும்பக் கூடாது. மத்தேயு 4:24 பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் (வலிப்பு நோய் உள்ளவர்களையும்) தனித்தனியாகவே சொல்கிறது. வலிப்பு மூளையில் ஏற்படும் மின்மாற்றத்தால் வருவது. சரியான மருந்து கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விசுவாசத்தின் பெயரால் மாத்திரையை நிறுத்தச் சொல்வது உயிரோடு விளையாடுவது. மனச்சோர்வு, மனச்சிதைவு ஆகியவற்றின் மருந்துகளுக்கும் இதே பேச்சுத்தான்.

அவர்கள் வந்து உட்கார்ந்தால் போதாதா? ஊழியமும் கொடுக்க வேண்டுமா?

பெரும்பாலான ஆலயங்களில் சாய்தளம் வாசலோடு நின்றுவிடுகிறது. பிரசங்க பீடத்துக்கு நாலு படி, ஆல்டருக்கு மூன்று படி, பாடகர் குழுவுக்கு இரண்டு படி. இவர்கள் கேட்க வருவார்கள், பேச வர மாட்டார்கள் என்று கட்டடமே முடிவு செய்துவிட்டது. வேதபாடம் வாசிக்கும் மேசையைக் கீழே சமதளத்தில் வைத்து, எல்லாரும் அங்கிருந்தே வாசிக்கும்படி மாற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சபையின் வரலாறு இந்தக் கட்டடங்களைவிடத் தாராளமானது. நாலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற வேதப் பள்ளிக்குத் தலைவராக இருந்த திதிமு சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமு அவரிடம் படித்தார். 11-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ரெய்கனாவ் மடத்தில் வாழ்ந்த ஹெர்மன் தனியாக நடக்க முடியாதவர், பேச்சும் சிரமம். இசையும் வானியலும் வரலாறும் எழுதினார். லூயி பிரெய்ல் பாரிஸ் ஆலயங்களில் ஆர்கன் வாசித்தவர். 1829-இல் அவர் வெளியிட்ட புள்ளி எழுத்து முறை சொற்களுக்கு மட்டுமின்றி இசைக்கும் ஆலயப் பாடலுக்கும் சேர்த்தே அமைக்கப்பட்டது. ஆலயத்தில் ஊழியம் செய்த ஒருவரின் விரல்களில் பிறந்ததுதான் இன்று உலகெங்கும் உள்ள பார்வையற்றோர் படிக்கும் எழுத்து.

லேவியராகமம் 21-ஐக் காட்டி, அங்கக்குறை உள்ளவர் பீடத்தை அணுகக் கூடாது என்பவர்கள் உண்டு. அது ஆரோன் வம்சத்து ஆசாரியர்களுக்கான பலிச் சட்டம். அங்கேயும் அங்கக்குறை உள்ள ஆசாரியர்கள் பரிசுத்த அப்பத்தைப் புசிக்கலாம் என்றே இருக்கிறது. இயேசு தேவாலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தவுடன் நடந்ததை மத்தேயு 21:14-இல் படியுங்கள்: பார்வை இல்லாதவர்களும் சப்பாணிகளும் தேவாலயத்துக்குள்ளேயே அவரிடம் வந்தார்கள்.

காணிக்கை எடுப்பது, வாசலில் வரவேற்பது, கணக்கு எழுதுவது, மைக் சிஸ்டம் பார்ப்பது, பிரசங்கிப்பது. அவருக்கு எது வரும் என்று அவரே சொல்வார்.

ஆன்லைனில் ஒளிபரப்புகிறோமே. வீட்டிலிருந்தே பார்க்கலாம் அல்லவா?

படுக்கையில் இருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல், நிறுத்திவிட வேண்டாம். திரையில் வசனங்களை எழுத்தாகவும் போடுங்கள். ஆனால் படி ஏற முடியாதவருக்கு "யூடியூபில் பாருங்கள்" என்பது பதிலாகாது. வர முடியாதவருக்கும் வாரம் ஒருமுறை யாராவது போன் செய்யட்டும்.

எப்படிப் பழகுவது? தெரியாத்தனமாகப் புண்படுத்திவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயத்தால் ஒதுங்கிப் போவதுதான் அதிகம் புண்படுத்துகிறது. அவரிடமே பேசுங்கள். கூட வந்தவரிடம் "இவருக்குக் காப்பி வேண்டுமா" என்று கேட்க வேண்டாம். கேட்காமல் சக்கர நாற்காலியைத் தள்ள வேண்டாம். அது அவர் உடம்பின் ஒரு பகுதி மாதிரி. நீண்ட நேரம் பேசுவதானால் நீங்களும் உட்கார்ந்துகொள்ளுங்கள். பார்வை இல்லாதவரின் கையையோ கோலையோ பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவர் பிடித்துக்கொள்வார். படி வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லுங்கள், விலகும்போது விலகுவதாகச் சொல்லுங்கள். பேச்சு தெளிவில்லாதவர் சொன்னது புரியவில்லையென்றால் புரிந்ததுபோல் தலையாட்ட வேண்டாம், மறுபடி சொல்லச் சொல்லுங்கள். "உங்களைப் பார்த்தாலே எனக்கு என் கஷ்டம் பெரிதாகத் தெரியவில்லை" என்ற வாக்கியத்தை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் என்ன ஏற்பாடு வேண்டும்?

பேச முடியாத பிள்ளைகளும், உதவிக்குப் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் அத்துமீறலுக்கு எளிதில் ஆளாகிறார்கள். ஆலய வளாகத்திலும் அது நடக்கலாம். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மட்டும் மூடிய அறையில் இருக்கக் கூடாது, எப்போதும் இருவர் வேண்டும். கழிப்பறை உதவியை யார் செய்வது என்பதைப் பெற்றோரும் அந்த நபரும் முடிவு செய்யட்டும். புகார் வந்தால் சபைக்குள் அமுக்காமல் காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.

சட்டப்படி ஆலயங்களுக்கு இது கட்டாயமா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொது இடங்களுக்கான பகுதியிலிருந்து சமய அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் ஆலயங்களையும் தொடுகிறது. 2006-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கை சமூக வாழ்வில் முழுப் பங்கேற்பை உரிமையாகச் சொல்கிறது. திரையரங்கும் வங்கியும் சட்டத்துக்குப் பயந்து சாய்தளம் கட்டும்போது, விலக்கு இருக்கிறது என்று ஆலயம் ஒதுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

புதிதாக வர நினைப்பவருக்கு முன்கூட்டியே எதைத் தெரிவிக்க வேண்டும்?

உள்ளதை உள்ளபடி. வீட்டைவிட்டுக் கிளம்புவதே பெரிய ஏற்பாடாக இருப்பவர், வந்து பார்த்துத் திரும்பிப் போகும்படி ஆகக் கூடாது. ஆலய அறிவிப்புப் பலகையிலும் இணையத்திலும் இப்படி எழுதலாம்:

"முன்வாசலில் மூன்று படிகள். வலப்பக்கம் கைப்பிடியுள்ள சாய்தளம். மூன்றாம், எட்டாம் வரிசைகளில் சக்கர நாற்காலிக்கு இடம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை இன்னும் கட்டி முடியவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு சைகை மொழிபெயர்ப்பு உண்டு. பாடல்கள் சத்தமாக இருக்கும், பிரசங்கம் சுமார் அரை மணி நேரம். அமைதியான அறை இடப்பக்கம். வேறு எந்த உதவி வேண்டுமானாலும் முன்கூட்டியே இந்த எண்ணில் சொல்லுங்கள்."

எண்ணுக்கு எதிரே ஒருவர் பெயரையும் போடுங்கள். குறுஞ்செய்தியும் அனுப்பலாம் என்று சேர்த்து எழுதுங்கள், காது கேளாதவர் போன் செய்ய முடியாது. சாய்தளமோ கழிப்பறையோ பழுதானால் அன்றைக்கே அந்த அறிவிப்பைத் திருத்திவிடுங்கள்.